நானூற்று ஏழாம் அறையில் நெட் வந்துவிட்டது

...சுற்றட்டும், எவ்வளவு நேரம்தான் சுற்றும் என்று பார்த்துவிடலாம், அந்தச் சின்ன வட்டத்துக்கே தலை கிறுகிறுத்து ஒரு நேரத்தில் நின்றுதானே ஆகவேண்டும் என்று போனை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான் அவன், மணி பத்து இருபத்திரண்டு, இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம் இருக்கிறது, முப்பத்தெட்டு நிமிஷத்தில் ஒரு லிஃப்டின் கதவைக் கழற்றி எண்ணெய் போட்டுத் திரும்ப மாட்டிவிடலாம், அவனே எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறான், ஆனால் இந்த ஓட்டலின் நெட்டுக்குள் நுழைய முடியவில்லை. மேஜைமேல் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையில் பாஸ்வேர்ட் இருக்கிறது, அதைப் போட்டால் ஒரு பக்கம் திறக்கிறது, 'வரவேற்கிறோம்' என்று பெரிய எழுத்தில், கீழே அறை எண் கேட்கிறது, பெயர் கேட்கிறது, சம்மதம் என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்கிறது, எதற்குச் சம்மதம் என்று இந்த உலகத்தில் யாராவது படித்துப் பார்த்திருப்பார்களா... எல்லாம் கொடுத்தாயிற்று, அதற்கப்புறம் இந்த வட்டம். வாசலில் நின்று வாங்க வாங்க என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டு உள்ளே விடாமல் நிற்கவைக்கிற வீடு மாதிரி. பத்துப் பன்னிரண்டு நாளாக இதே அறைதான், நானூற்று ஏழு, நாலாவது மாடி, அடுத்த தெருவிலுள்ள எட்டு மாடிக் கட்டடத்தில் பழைய லிஃப்டைப் பிரித்துவிட்டுப் புதிதாகப் போடுகிற வேலை, இன்னும் ஒரு வாரம் இழுக்கும்போல இருக்கிறது.

சனிக்கிழமை பதினொரு மணியிலிருந்து பதினொன்றரை வரை. கோர்ட் காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது, வீடியோ மூலமாக, அமைதியான அறையிலிருந்து, அரை மணி நேரம், தகப்பன் மகளுடன் பேசலாம். தொடர்ந்து மூன்று வாரம் பேசத் தவறினால் மாதத்துக்கு ஒரு முறை என்று மாற்றிக் கேட்கத் தாய்க்கு உரிமை உண்டு. மூன்று வாரம் எப்படித் தவறும், என்ன பேச்சு இது என்று கையெழுத்துப் போடும்போது அவனுக்குச் சிரிப்புகூட வந்தது, வக்கீல் பேனாவை நீட்ட அவனும் ஏதோ கூரியர் வாங்குகிறவன்போலப் போட்டுக்கொடுத்தான், இப்போது இரண்டு வாரம் தவறிவிட்டது, இது மூன்றாவது. முதலாவது வேறொரு ஊர், அங்கே ஓட்டலில் நெட்டே இல்லை, தெருவுக்கு வந்து ஒரு கடை வாசலில் நின்று கூப்பிட்டான், லாரி போகிற சத்தத்தில் பிள்ளைக்கு ஒன்றும் கேட்கவில்லை, தெருவிலிருந்து பேசினால் அது கணக்கில் வராது என்று பட்டாணியின் அம்மா மெசேஜ் போட்டுவிட்டாள், சரி, அது நியாயம்தான். இரண்டாவது போன சனிக்கிழமை, இதே அறையில்... இதே நெட்... அதை இப்போது எதற்கு நினைக்கவேண்டும், முதலில் இந்த வட்டம் நிற்கட்டும்.

பட்டாணி என்பது பெயரில்லை, பெயர் வேறு, பிறந்தபோது உருண்டையாக, கையில் பிடித்தால் உருண்டு விழுந்துவிடும்போல இருந்ததால் அவன் வைத்தது, ஒன்பது வயதாகிறது, உருண்டை எல்லாம் போய் இப்போது அவள் அம்மாமாதிரி நெடுநெடுவென்று வளர்கிறாள், ஆனாலும் பட்டாணிதான். வாரத்துக்கு அரை மணி நேரம் என்றால் வருஷத்துக்கு எவ்வளவு, ஒரு நாள் முழுதாகச் சேர்ந்து இரண்டாவது நாள் கொஞ்சம் வரும், அவ்வளவுதான் தகப்பன், இதையும் மாதத்துக்கு ஒன்றாக்கினால் அப்புறம் அவளுக்கு அவன் யார், எப்போதாவது கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் மாதிரி ஒரு ஆள். போனை அணைத்துத் திரும்பப் போட்டான். மறுபடியும் வரவேற்கிறோம். மறுபடியும் அறை எண், பெயர், சம்மதம். சம்மதம்டா, எல்லாத்துக்கும் சம்மதம், உள்ளே விடு.

இண்டர்காமை எடுத்து ஒன்பதை அழுத்தினான். ரிசப்ஷன் பெண்ணின் குரல் எப்போதும்போலத் தூங்கி எழுந்து முகம் கழுவின குரல், நெட் வரலையா சார், ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லியிருக்கேன், பத்து நிமிஷத்துல வந்துடும் என்றாள். அந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்டதும் அவனுக்கு உள்ளே ஏதோ கழன்றதுபோல ஆயிற்று, ஏனென்றால் அது அவனுடைய பத்து நிமிஷம், இருபது வருஷமாக அவன் விற்றுக்கொண்டிருக்கும் சரக்கு. லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் உள்ளே இருக்கிற பட்டனை அழுத்தினால் பேசலாம், அந்தப் பேச்சு இவர்கள் கம்பெனிக்கு வரும், அப்போது என்ன சொல்லவேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், பயப்படாதீங்க, காத்து நல்லா வரும், பத்து நிமிஷத்துல ஆள் வந்துடும். ஆள் ஊருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் பத்து நிமிஷம்தான். முக்கால் மணி நேரம் என்று உண்மையைச் சொன்னால் உள்ளே இருப்பவர் கதவை உடைக்க ஆரம்பித்துவிடுவார், பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம் பொறுப்பார், அப்புறம் இன்னொரு பத்து நிமிஷம் சொல்லலாம், அதற்கப்புறம் இன்னொன்று, மனிதர்களைப் பத்துப் பத்து நிமிஷமாக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உள்ளே வைத்திருக்கலாம். கல்யாணத்தையும் அவன் அப்படித்தான் ஓட்டினான், இந்த வேலை முடிஞ்சதும் வந்துடறேன், அடுத்த மாசம் லீவு போட்டுடறேன், இந்த ஒரு பில்டிங்தான்... பட்டாணியின் அம்மா பதினொரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவை உடைத்துக்கொண்டு வெளியே போனாள், அவளைக் குறை சொல்ல அவனால் முடியவில்லை, எத்தனையோ ராத்திரி முயன்று பார்த்துவிட்டான், முடியவில்லை.

போனுக்கென்று கம்பெனி கொடுத்த டேட்டா இருந்தது, அதையாவது வைத்திருக்கலாம், காலை எட்டு மணிக்கே அதைத் தீர்த்துக்கட்டிவிட்டான், புதிய கயிறு சக்கரத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சூப்பர்வைசருக்குச் சந்தேகம், வீடியோ எடுத்து அனுப்பு என்றார், ஒன்று அனுப்பினான், கிட்டே போய் எடு என்றார், இன்னொன்று, அந்தப் பக்கத்திலிருந்து எடு, இன்னொன்று... ஆகக்கூடி கயிறு சௌக்கியமாக இருக்கிறது, இவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். சொல்லியிருக்கலாமே, சார் இன்னிக்குச் சனிக்கிழமை என்று. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சூப்பர்வைசர் ஒன்றும் கடித்துக் குதறுகிற ஆளில்லை, அவருக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்... எழுந்து போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தான், ஜன்னலோரம் சிக்னல் ஒரு கோடு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் கோடே இல்லை, பாத்ரூமில் இரண்டு கோடு வந்தது, பாத்ரூமில் உட்கார்ந்து பிள்ளையிடம் பேசுவதா, பின்னால் டைல்ஸும் குழாயும் தெரிந்தால் அதற்கும் ஒரு மெசேஜ் வரும். அறைக் கதவைத் திறந்து வராந்தாவில் கால் வைத்ததும் மூன்று கோடு, நிமிர்ந்து பார்த்தால் எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி வெள்ளை டப்பா ஒன்று பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கீழே துவைத்த போர்வைகளை அடுக்கிய தள்ளுவண்டி. அந்தக் கோடியில் ஓட்டலின் லிஃப்ட் வந்து நின்று கதவு திறந்தது, தளத்துக்கு ஒரு விரற்கடை கீழே நிற்கிறது, பிரேக்கைச் சரிபார்க்கவேண்டும், யாராவது தடுக்கி விழுவார்கள்... அது உன் வேலையில்லை, உன் வேலையைப் பார்.

நாற்காலியையும் மேஜையையும் கதவருகில் இழுத்துப் போட்டான், கதவைப் பாதி திறந்து அது மூடிக்கொள்ளாமல் இருக்கச் செருப்பைச் செருகினான், இங்கே உட்கார்ந்தால் பின்னால் ஜன்னலும் கட்டிலின் ஒரு மூலையும்தான் தெரியும், கட்டில்மேல் கிடந்த வேலைச்சட்டையை எடுத்து அலமாரிக்குள் திணித்தான். மேஜைமேல் ஓட்டல் கொடுத்த சின்ன நோட்டில் மூன்று வரி எழுதி வைத்திருந்தான், நேற்று சாயங்காலத்திலிருந்து எழுதி எழுதி அடித்தது, வேற வீடு பாத்துட்டு இருக்கேன், உனக்குன்னு அதுல ஒரு ரூம் கண்டிப்பா இருக்கும், தப்பு அப்பா மேலதான். முதல் வரி பொய், அவன் வீடு எதுவும் பார்க்கவில்லை, மாதத்தில் இருபத்தைந்து நாள் ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸில் இன்னொரு மெக்கானிக்கோடு ஒரு கட்டில் போதும் என்று முந்தின மாதம்தான் பழைய வீட்டைக் காலி செய்தான். முதல் வரி பொய்யானால் இரண்டாவது வரியும் பொய். மூன்றாவது உண்மை, அதை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருந்தான், எழுத்து அதில் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் போய் எந்தத் தகப்பன் குறிப்பெடுத்து வைத்துக்கொண்டு பேசுவான், இது என்ன பரீட்சையா... பரீட்சைதான்.

பத்து ஐம்பத்தாறுக்கு வட்டம் நின்றது. சட்டென்று, யாரோ கையால் பிடித்து நிறுத்தியதுபோல நின்று, இணைக்கப்பட்டது என்று பச்சையில் எழுத்து வந்தது, சோதித்துப் பார்க்க ஏதோ ஒரு சமையல் வீடியோவைத் தட்டினான், ஒரு பெண் வெங்காயத்தை அரிந்துகொண்டே ஓடினாள், தங்குதடையில்லாமல், இவ்வளவு அமோகமான நெட்டை அவன் இந்த ஓட்டலில் பார்த்ததே இல்லை... இல்லை, பார்த்திருக்கிறான். சந்தோஷப்படவேண்டிய நேரம். இதற்காகத்தானே ஒரு மணி நேரமாகக் குட்டிபோட்ட பூனைமாதிரி சுற்றினாய், வந்துவிட்டது, இப்போது என்ன கேடு, கை ஏன் இப்படி வியர்க்கிறது, ஒருவேளை வராமலே இருந்திருந்தால்... சீ, என்ன நினைப்பு இது. தலையைச் சீவிக்கொண்டான், கழுத்துப் பட்டனைப் போட்டான், எடுத்தான், திரும்பப் போட்டான். தண்ணீர் டம்ளரில் போனைச் சாய்த்து வைத்து, நோட்டை டம்ளருக்கு அடியில் அவள் கண்ணில் படாதபடி வைத்துக்கொண்டு, பதினொன்று அடிக்கும்வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கூப்பிட்டான்.

எடுத்தது மச்சான். பட்டாணியின் அம்மாவுக்கு நேர் இளையவன், சனிக்கிழமைகளில் போனைப் பிடித்துக் கொடுத்து நேரம் பார்க்கிற பொறுப்பு அவனுடையது. விவாகரத்து ஆனபிறகு மச்சானை என்னவென்று கூப்பிடுவது என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதிக் கொடுப்பதில்லை, இவன் மனதுக்குள் இன்னும் மச்சான் என்றுதான் இருக்கிறது, அவனோ முன்பு வாய்க்கு வாய் மாமா மாமா என்று, புது வண்டி வாங்கினாலும் முதலில் இவனைத்தான் உட்காரவைத்து ஓட்டினான், இப்போது அந்த வார்த்தை இருந்த இடத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டு, கேக்குதா, தெரியுதா, இதோ குடுக்கறேன் என்று மொட்டையாகப் பேசுகிறான். படம் ஆடியது, ஒரு கதவு, ஒரு சுவர், அப்புறம் போனை எதிலோ சாய்த்து வைத்ததும் பட்டாணி. தலைக்குக் குளித்து முடியை விரித்துப் போட்டிருந்தாள், பின்னால் ஜன்னலும் கோடுபோட்ட திரையும். விவாகரத்துக்குப் பிறகு அவர்கள் குடிபோன வீடு, அவன் ஒருமுறைகூடப் போனதில்லை, ஆனாலும் அந்தத் திரையை அவனுக்கு நன்றாகத் தெரியும், சனிக்கிழமைதோறும் பார்த்த பழக்கம். என்னடா பட்டாணி என்றான். ம் என்றாள். பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டான், நல்லா இருக்கு. பல்லு விழுந்துச்சே, முளைச்சிடுச்சா? முளைச்சிடுச்சு. காட்டவில்லை. போன மாதம் என்றால் வாயைப் பிளந்து கேமராவுக்குள்ளேயே நுழைந்திருப்பாள். அப்புறம் ஒரு நிமிஷம் அவளாக எதையோ யோசித்துக் கேட்டாள், யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல, "நீங்க சாப்ட்டீங்களா?"

நீங்க. அவனை அவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்து நீ என்றுதான், வாப்பா, போப்பா, நீ சும்மா இருப்பா, மூன்றாவது மனிதர்கள் முன்னால் அவள் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு திருத்துவாள், அவன் சிரித்துக்கொண்டு விட்டுவிடு என்பான். இது மரியாதையா? பல் டாக்டரிடம், ஆட்டோக்காரரிடம், பக்கத்து வீட்டு மனிதரிடம் எல்லாம் காட்டுகிற மரியாதை. சாப்ட்டேன்டா என்றான், நோட்டைப் பார்த்தான், எழுத்து ஒன்றும் கண்ணில் ஏறவில்லை, அதில் இல்லாத ஒன்றைத்தான் வாய் கேட்டது, "ஏன்டா, அப்பா மேல கோவமா?"

படம் நின்றுவிட்டது. பட்டாணியின் முகம் அப்படியே, உதடு லேசாகத் திறந்து, கண் அவனுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் எதையோ பார்த்தபடி உறைந்துவிட்டது, சத்தமும் இல்லை. போச்சு. மணி பதினொன்று ஒன்பது. பட்டாணி, கேக்குதா, பட்டாணி, ஹலோ... போனைத் தூக்கி வராந்தாப் பக்கம் நீட்டினான், மூன்று கோடும் இருக்கிறது, பச்சைக் கண்ணும் சிமிட்டுகிறது, கோட்டைக் காட்டி ஏமாற்றுகிற நெட், நல்ல நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது. கட் செய்து திரும்பக் கூப்பிடலாமா, கட் செய்து அப்புறம் கிடைக்காமலே போனால், ஒன்பது நிமிஷம்தான் பேசினான் என்று எழுதிவிட்டால்... கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போனை டம்ளரில் சாய்த்துவிட்டு இண்டர்காமைப் பிடுங்கி எடுத்து ஒன்பதை அழுத்தி அழுத்தி அழுத்தினான், அந்தப் பெண் சொல்லுங்க சார் என்று முடிப்பதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டான், அவனுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது, "வாரத்துல ஒரு நாள்தாங்க எம்பொண்ண பாக்கறேன், அதுவும் அரை மணி நேரம். போன சனிக்கிழமையும் இதே கதைதான், உங்க நெட்டு பாதில போயி அவ கேட்டதுக்குப் பதில்கூட சொல்ல முடியல. உங்களாலதாங்க எல்லாம்." அந்தப் பெண் மெதுவாக, கீழே எல்லாம் சரியா ஓடுது சார், நாலாவது மாடியிலயும் பச்சைதான் காட்டுது, ஆளை அனுப்பவா என்றாள். அவன் வேண்டாம் என்று சொன்னானா, ஒன்றும் சொல்லாமல் வைத்தானா தெரியவில்லை, அவன் கண் போன்மேல் இருந்தது.

திரை அசைந்தது. பட்டாணிக்குப் பின்னால் இருந்த கோடுபோட்ட ஜன்னல் திரை, காற்றில் உப்பி, மெல்ல அடங்கி, இன்னொரு முறை உப்பியது. அவன் முதலில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டான், பாதிப் படம் நின்று பாதிப் படம் ஓடுமோ, இந்த நெட்டில் எதுவும் நடக்கும். அப்புறம் நெற்றியோரம் ஈரம் காய்ந்த முடி ஒன்று ஆடியது. அப்புறம் அவள் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது, எச்சில் விழுங்கினாள். நெட் போகவில்லை. நெட் ஜோராக வந்துகொண்டிருக்கிறது. பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை இமைக்காமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், எங்கே கற்றாள் இதை... எங்கே கற்றாளா? கேட்கிறாயே, வெட்கமில்லாமல். போன சனிக்கிழமை, இந்த நாற்காலி, இந்த டம்ளர், நெட் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது, அவள் இரண்டு கையிலும் போனைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், அந்த வீட்டக் காலி பண்ணிட்டியாமே அப்பா, அப்ப என் கதவு? அவள் அறைக் கதவின் உள்பக்கத்தில் ஐந்து வயதில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் லிஃப்ட் பட்டன்கள் வரைந்திருந்தாள், ஒன்றிலிருந்து இருபதுவரை, பதினேழை விட்டுவிட்டு, அவன் வீட்டிலிருக்கும் நாளில் அவனைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்து, எத்தனாவது மாடி சார் என்று கேட்டுத்தான் உள்ளே விடுவாள். அந்தக் கதவை அவன் மறந்தே போனான். சாமான்களை ஏற்றினான், சாவியைக் கொடுத்தான், வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்க ஆள் கொண்டுவந்திருந்தார். "கதவ மட்டும் கழட்டி எடுத்துட்டு வந்திருக்கலாமில்ல, உனக்குத்தான் கழட்டத் தெரியுமே" என்றாள், கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். அதற்கு அவன் என்ன செய்தான்? முகத்தை அப்படியே நிறுத்தினான். கண்ணைக்கூட இமைக்கவில்லை. அப்பா, அப்பா, கேக்குதா, ஸ்டக் ஆயிடுச்சா என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்க, மனதுக்குள் ஒன்றிலிருந்து அறுபதுவரை எண்ணிவிட்டுச் சிவப்பு வட்டத்தைத் தொட்டுக் கட் செய்தான். செய்துவிட்டு அவள் அம்மாவுக்கு நெட் போய்விட்டது என்று மெசேஜ் போட்டான். அரை மணியில் பாதிகூட ஆகாததால் அதுவும் தவறிய வாரம் என்று பதில் வந்தது. ஒரு வாரமாக அதை நெட் என்றே சொல்லிச் சொல்லி, வாய் கூசாமல் சற்றுமுன் யாரோ ஒரு பெண்ணின் தலையில் கட்டியும் விட்டான்.

பட்டாணி அன்றைக்கு நம்பவில்லை. அவன் தலைக்கு மேலே ஃபேன் சுற்றியிருக்கும், ஜன்னலுக்கு வெளியே ஏதாவது போயிருக்கும், ஒன்பது வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு அது தப்புமா, லிஃப்ட் பட்டன் வரைந்து அதில் பதினேழாவது மாடியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டு அது பேய் மாடி என்று சொன்னவள். தெரிந்துகொண்டே ஒரு வாரம் இருந்திருக்கிறாள், யாரிடமும் சொல்லாமல், மச்சானிடம் சொல்லியிருந்தால் அவன் இந்நேரம் இவனை ஒரு பிடி பிடித்திருப்பான். அப்புறம் அவனுக்கு இன்னொன்றும் உறைத்தது, படம் நின்றுவிட்டது என்று நினைத்து அவன் இண்டர்காமில் கத்தினானே, போன சனிக்கிழமையும் உங்க நெட்டுதான் என்று... போன் டம்ளரில் சாய்ந்துதான் இருந்தது, இரண்டடி தூரம், அவள் அசையாமல் இருந்தாள், காது இருந்தது. ஒரு எழுத்து விடாமல் கேட்டிருப்பாள். அப்பா பொய் சொல்வதை இரண்டு வாரம் தொடர்ந்து நேரில் பார்த்தவள் இந்த உலகத்திலேயே அவள் ஒருத்திதான்.

பேசு. இப்போதாவது பேசு, எல்லாம் கேட்கிறது அவளுக்கு, குறுக்கே பேசமாட்டாள், கேள்வி கேட்கமாட்டாள், இதைவிட நல்ல நேரம் ஒரு கோழைக்கு அமையாது. நோட்டை எடுத்தான். வேற வீடு பாத்துட்டு... வேண்டாம். பட்டாணி என்றான். திரைக்குள் இமை ஒருமுறை படக்கென்று மூடித் திறந்தது, அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது, உடனே திரும்பவும் சிலை. தப்பு அப்பா மேலதான் என்று மூன்று சொல், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம், அதைச் சொன்னால் அடுத்து அவள் ஏதாவது கேட்பாளே, சரி, தப்பு உன் மேலதான், கதவு எங்கே என்று கேட்டால்... கேட்டால் என்ன சொல்வது, வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள் என்றா? மூலையில் சின்னக் கட்டத்தில் அவன் முகமும் தெரிந்தது, அதுவும் அசையவில்லை, இந்த முறை அவன் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது. பதினொன்று பதினாறு. பதினெட்டு. வராந்தாவில் யாரோ போர்வை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள், ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அவள் கழுத்து வலிக்கும் என்று தோன்றியது, சாய்ந்து உட்காரடா என்று சொல்லக்கூட வாய் வரவில்லை, சொன்னால் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடும், தெரியாததுபோல இருப்பதுதான் இப்போது அவளுக்கு அவன் செய்யக்கூடிய ஒரே உபகாரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், அதுவும் ஒரு சாக்குதான், அவனுக்கா தெரியாது. ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம், வாரத்தில் அவனுக்கென்று கொடுத்த அரை மணி நேரத்தைத் தகப்பனும் மகளும் இப்படிச் சுவரில் மாட்டிய படம்போல எதிரெதிரே உட்கார்ந்து தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றரை ஆனதும் பக்கத்திலிருந்து ஒரு கை நுழைந்தது, மச்சானின் கை, பழைய வாட்சே கட்டியிருந்தான். "என்னம்மா, பேசிட்டியா?" என்று கேட்பது கேட்டது, அவள் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை, தலை மட்டும் ஆடியது, அவ்வளவு நேரம் கழித்து அந்தத் தலை அப்போதுதான் ஆடியது. "சரி மாமா, டைம் ஆயிடுச்சு" என்றான் மச்சான், வாய் தவறிவிட்டது, சொன்ன கணமே அவன் முகம் கறுத்ததும் தெரிந்தது, அதை மறைக்க அவசரமாகப் போனைத் திருப்பிக் கட் செய்தான். இரண்டு நிமிஷத்தில் பட்டாணியின் அம்மாவிடமிருந்து மெசேஜ். 'இன்னிக்கு முழு நேரமும் பேசியாச்சுன்னு தம்பி சொன்னான். வக்கீல்கிட்ட சொல்லிடறேன். அடுத்த வாரமும் இதே நேரம்.' தப்பித்தாயிற்று. மாதத்துக்கு ஒன்று என்று ஆகாது, சனிக்கிழமைதோறும் உண்டு, இதற்குத்தான் காலையிலிருந்து கிடந்து அல்லாடினான். சரி என்று பதில் போட்டான், சின்ன வட்டம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, உடனே போய்ச் சேர்ந்தது.

நாற்காலியிலிருந்து எழவில்லை அவன். கதவு பாதி திறந்து கிடந்தது. கட்டடத்துக்குப் போகவேண்டும், லிஃப்டுக்கு ஈடாகத் தொங்கவிடுகிற கவுண்டர்வெயிட்டைத் தூக்க நாலு ஆள் காத்திருப்பார்கள், மத்தியானத்துக்குள் முடிக்கவேண்டும்... அறுபது எண்ணினான் அவன், அன்றைக்கு, அறுபதுக்கே தாங்கவில்லை, விரல் தானாகப் போய்ச் சிவப்பைத் தொட்டுவிட்டது. பட்டாணி இருபத்தொரு நிமிஷம். போன் அவளுக்குக் கையெட்டும் தூரத்தில்தான் சாய்ந்து இருந்தது, மச்சான் நடுவில் எங்கோ போய்விட்டு நேரம் முடிந்ததும்தான் வந்தான், சிவப்பு வட்டத்தைத் தொட ஒரு விரலை நீட்டினால் போதும், நெட் போயிடுச்சு என்று சொல்லி எழுந்து ஓடியிருக்கலாம், யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள், அவள் தொடவில்லை. கட் பண்ணக்கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருப்பாள், சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும். அப்படி இல்லையென்றால்? ஏன் கட் பண்ணலை என்று அடுத்த சனிக்கிழமை அவளையே கேட்கலாம், கேட்டால் அவள் என்ன செய்வாள் என்பதும் அவனுக்குத் தெரிந்தேயிருந்தது.